பாக்கியம் மேடம் அழித்த இரண்டு ரூபாய்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நம் பணத்தாள் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர் செல்லப்பாண்டி அண்ணன், ஆண்டு மலருக்காக என்னிடம் கேட்டது "பாக்கியம் மேடத்தப் பத்தி நல்லதா ஒரு பக்கம்." மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்லதாக மட்டும் எழுதினால் அது வேறு யாரோ ஓர் அம்மாளைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரிடம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நான் மாற்றி எழுதினால் முதல் வரியிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவர் எனக்குச் செய்ததையும் நான் அவருக்குச் செய்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் திருமங்கலத்தில் அப்பாவின் பழைய பேப்பர் கடையில், தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கையெல்லாம் தூசி. அதனால் போனை மூட்டையின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நான் செல்லப்பாண்டி. பாப்பா பக்கத்துல இருக்கா? பாக்கியம் மேடம் தவறிட்டாங்கண்ணே. காலையில குளிக்கப் போன எடத்துல விழுந்துட்டாங்களாம்."

"யாரு, நம்ம பாப்பாவ அழ வச்ச அம்மாவா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாண்ணே, அவுங்கதான்" என்றார் செல்லப்பாண்டி அண்ணன்.

எனக்கு அழுகை வரவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: என் தொகுப்பைப் பார்த்து 'நோட்டு' என்று இனி அவர் சொல்ல மாட்டார். பத்து மாதமாக நான் அலைந்தது அந்த ஒரு சொல்லுக்காக.

புதிதாகச் சங்கத்துக்கு வருபவர்களுக்காக அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனபாக்கியம் என்ற பாக்கியம் மேடம் வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காசாளராக இருந்தவர். பெரும்பாலான காலம் கிழிந்த நோட்டு, அழுக்கு நோட்டு மாற்றும் கவுண்டரில்தான் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் மாடி ஹாலில் நாம் கூடும்போது, நீள மேசையின் தலைமாட்டில் அவர் உட்கார்ந்திருப்பார். அவர் வந்ததும் முதல் வேலையாகச் சுவரிலிருந்த ஃபேன் சுவிட்சை அணைப்பார். நோட்டு பறந்துவிடக் கூடாது. சித்திரை மாதமானாலும் அப்படித்தான். வேர்த்து வழிய உட்கார்ந்து ஒவ்வொருவரும் தங்கள் நோட்டை அவர் முன்னால் வைப்போம். அவர் அதை எடுத்துக் காதுப் பக்கத்தில் வைத்து ஒரு சொடக்குச் சொடக்குவார். கட்டைவிரலால் தடவுவார். மோந்து பார்ப்பார். பிறகு ஒரே ஒரு சொல். நல்லதென்றால் "நோட்டு". இல்லையென்றால் "காகிதம்". அவர் 'காகிதம்' என்று சொல்லிவிட்டதை அதன்பிறகு ஹாலில் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள், தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு முறை அரசு அலுவலர் ஒருவர், பழைய ஐந்து ரூபாய் நோட்டில் ஓரத்தில் இரண்டு பின் ஓட்டை இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் காலத்து வங்கிக் கட்டுகளைப் பின் அடித்துத்தான் வைப்பார்கள். "நாந்தான் அடிச்சேன். அதுக்கு இப்ப என்ன செய்யணுங்கிறீங்க? காது குத்து வச்சு மொய் செய்வமா?" என்றார் மேடம். அந்த அலுவலர் நாளது வரை பின் ஓட்டையைப் பற்றி வாய் திறந்ததில்லை.

நான் நோட்டுச் சேர்க்க ஆரம்பித்தது திட்டமிட்டு அல்ல. அப்பாவின் கடைக்கு எடைக்கு வரும் புத்தகங்களைக் கட்டுவதற்கு முன் நான் ஒரு முறை புரட்டிப் பார்ப்பேன். டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு மூட்டையில் தேனீ வளர்ப்பது பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. அதன் நடுப்பக்கத்தில் ஒரு ரூபாய் நோட்டு. "எடுத்துக்க பாப்பா, இதக் குடுத்தா டீக்கடையில அடிக்க வருவான்" என்றார் அப்பா. அந்த நோட்டில் ஒரு ரூபாய் நாணயத்தின் படமே அச்சாகியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் குட்டி நாணயத்துக்குள் ஆண்டு தெரிந்தது. மற்ற நோட்டுகளில் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போடுவார், ஒரு ரூபாயில் மட்டும் நிதித்துறைச் செயலாளர் போடுவார் என்பதை நூலகத்தில் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து ஒரு புத்தகத்தையும் உதறாமல் விட்டதில்லை. புலி போட்ட இரண்டு ரூபாய், டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை போட்ட ஒரு ரூபாய். மூன்று மாதத்தில் பத்தொன்பது சேர்ந்தது.

பிறகு நான் ஒரு தப்புச் செய்தேன். நோட்டுகள் கசங்கித் துவண்டு கிடந்தன. என் அம்மா டீச்சர்களின் காட்டன் சேலைகளைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுப்பவர். பழைய சேலையும் அவர் கைபட்டால் கடைச் சேலை மாதிரி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கலக்கி வைத்த கஞ்சியில் பத்தொன்பது நோட்டையும் முக்கி எடுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டேன். அப்பளம்போல் ஆயின. எனக்கு அம்புட்டுச் சந்தோஷம்.

அவற்றை எடுத்துக்கொண்டுதான் முதன்முதலாக லாட்ஜ் மாடிக்கு வந்தேன். சிறப்பு வகுப்பு முடிந்து அப்படியே வந்ததால் சீருடையில் இருந்தேன்.

"வா பள்ளிக்கூடம்" என்றார் மேடம். அவர் என் பெயரைக் கடைசி வரை கேட்கவில்லை.

முதல் நோட்டை எடுத்து மோந்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்களிடம் நீட்டினார்.

"டேய் செல்லப்பாண்டி, மோந்து பாரு. என்னடா வாடை?"

"சோறு வடிச்ச வாடை மாதிரி இருக்கு மேடம்."

"ஏண்டி, நோட்டுச் சேக்குறியா, வடகம் காயப்போடுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. அதோடு விட்டிருக்கலாம். அவர் பத்தொன்பது நோட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொடக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் "காகிதம்" என்றார். பத்தொன்பது முறை. பத்துக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. கஞ்சி போட்டால் தாளின் நார் ஊறிப் பெருத்துவிடும், அச்சு மேடு அமுங்கிவிடும், போனது திரும்பாது என்று திருமங்கலம் பஸ் ஏறும் வரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைப் பிறகு நானாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் அழுதேன். அப்பா பார்த்துவிட்டார்.

அடுத்த மாதமும் போனேன். ஏன் போனேன் என்று அம்மா கேட்டார். பத்தொன்பதையும் காகிதம் என்ற அதே வாய் ஒன்றையாவது நோட்டு என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது.

இந்த முறை வேறு வழியில் சேர்த்தேன். கடைக்கு வரும் புத்தகங்களில் கிடைத்த சில நோட்டுகளில் யாராவது ஏதாவது எழுதியிருந்தார்கள். சேகரிப்பவர்கள் அவற்றை ஒதுக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவற்றை விட மனமில்லை. ஒன்றில் "ராமு பத்தாவது பாஸ்" என்றிருந்தது. ஒன்றில் "இவனை நம்பாதே" என்று மட்டும். யாரை என்று இல்லை. மருந்து பெயர், பஸ் நேரம், ஒரு பெண்ணின் பெயரே ஏழு முறை. எழுத்து விழுந்த சின்ன நோட்டுகளை மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். மார்கழிக்குள் முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. கோடையில் நடக்கும் நம் கண்காட்சியில் எனக்கு ஒரு மேசை கேட்டுச் செல்லப்பாண்டி அண்ணனிடம் போனேன். "மேடம் 'நோட்டு'ன்னு சொன்னா மேசை உனக்கு" என்றார் அவர்.

மார்கழிக் கூட்டத்துக்கு என் தொகுப்பிலேயே எனக்குப் பிடித்ததைக் கொண்டுபோனேன். புலி போட்ட இரண்டு ரூபாய். அதன் வெள்ளைப் பகுதியில் சின்னப் பிள்ளைக் கையெழுத்தில், பென்சிலால் ஒரு வரி இருந்தது.

"என்னமோ எழுதியிருக்குன்னியே, வாசி" என்றார் மேடம்.

"அம்மா குடுத்தது. செலவழிக்கக் கூடாது" என்று வாசித்தேன்.

"செலவழிச்சிட்டான்ல?"

"இல்ல மேடம். புத்தகத்துக்குள்ள அப்படியே இருந்துச்சு. அவன் செலவழிக்கல."

"அப்பப் புத்தகத்தோட சேத்து எடைக்குப் போட்டுட்டான். முறுக்கு வாங்கித் தின்னுருந்தாலாச்சும் அவன் வயித்துக்குப் போயிருக்கும்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அவர் கைப்பையைத் துழாவி ஒரு ரப்பரை எடுத்தார். எனக்குப் புரிவதற்குள் நோட்டை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த வரி இருந்த இடத்தை அழிக்க ஆரம்பித்தார். அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை, தாள் கிழியாதபடி அவ்வளவு பக்குவமாக அழித்தார். ரப்பர்த் துகளை ஊதிவிட்டார். நோட்டைக் காதருகே ஒரு முறை சொடக்கினார்.

"இப்பக் கேட்டுக்க. நோட்டு."

நான் கேட்க விரும்பிய சொல்தான். இப்படிக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. செல்லப்பாண்டி அண்ணன் மட்டும், "மேடம், சின்னப் புள்ள..." என்று ஆரம்பித்தார்.

"சின்னப் புள்ளன்னா பொங்கலுக்குக் கோலப் போட்டிக்குப் போகட்டும். அழுக்குன்னு முப்பது வருசம் நான் தனியாக் கட்டி அனுப்புனதக் கொண்டாந்து மேசையில விரிக்கிறேங்கிறா. எழுத்து விழுந்ததெல்லாம் காகிதம். மேசை கிடையாது."

அன்றைக்கு நான் அழவில்லை. அதற்குப் பிறகு அவரை விடாமல் கவனிக்க ஆரம்பித்தேன். அதுதான் எனக்கு நன்றாக வரும்.

தை மாதக் கூட்டத்தில் சிலவற்றைக் கண்டுகொண்டேன். மேடம் எந்த நோட்டின் எண்ணையும் தானாக வாசிப்பதில்லை. "நம்பரச் சொல்லுப்பா" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். டீ வந்தால் மேசையின் மீது கையை நகர்த்திக்கொண்டே போய் டம்ளரைத் தொடுவார். உள்ளே வருபவர் பேசிய பிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் அன்று சீருடையில் போகவில்லை, மஞ்சள் சுடிதாரில் போயிருந்தேன். எதிரே நின்று கும்பிட்டேன். அவர் நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "யாரும்மா, யாரு வேணும்?" என்று கேட்டார். "நாந்தான் மேடம்" என்றதும், "பள்ளிக்கூடமா, பேசாம நின்னா?" என்று அதட்டினார்.

அவருக்குக் கண் பெரும்பாலும் போய்விட்டது. சர்க்கரை நோய் என்று பிறகு தெரிந்தது. காதாலும் விரலாலும் மூக்காலும் மட்டுமே அவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாது. உங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடித்த அன்று நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுத்து விழுந்த ஒரு ரூபாய் நோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பச்சை பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கே பெரிதாக "சுப்புவுக்குக் கல்யாணம். எல்லாரும் வரவும்" என்று எழுதியிருந்தது. அம்மாவின் கஞ்சியை ஏழு பங்கு தண்ணீரில் கலந்து வடிகட்டினேன். நோட்டை நனைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து உலர்த்தினேன். பழுப்புக் காகிதத்துக்கு இடையில் வைத்து லேசான சூட்டில் தேய்த்தேன். வாடை போவதற்காக, செல்லரித்த பழைய புத்தகம் ஒன்றுக்குள் நான்கு வாரம் வைத்திருந்தேன். தினமும் எடுத்து மோந்து பார்த்தேன். இந்த வேலைக்கு நான் செலவழித்த கவனத்தை அந்த மாதம் பாடத்தில் செலவழிக்கவில்லை.

மாசி மாதக் கூட்டத்தில் அதை மேடத்தின் முன்னால் வைத்தேன்.

"இதைப் பார்த்துச் சொல்லுங்க மேடம்."

சொடக்கினார். மறுபடியும் சொடக்கினார். கட்டைவிரல் மெல்ல நகர்ந்தது. மோந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"அடேயப்பா. கட்டுல இருந்து உருவுன மேனிக்கு இருக்கேடா. ஒரு மடிப்பு படல, ஒரு கீறல் இல்ல. இந்தச் சத்தத்தக் கேட்டு எத்தன வருசமாச்சு! நோட்டுடி. இதான் நோட்டு. டேய் செல்லப்பாண்டி, பள்ளிக்கூடத்துக்கு மேசையக் குடுத்துரு."

அவர் அதை உயர்த்திப் பிடித்திருந்தார். பச்சை எழுத்து உங்கள் எல்லோர் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஹாலில் பதினான்கு பேர். ஒருவரும் அசையவில்லை. நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மேசை கிடைத்துவிட்டது. அவர் மரியாதையும் ஒருவேளை தப்பியிருக்கும். நீங்கள் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

"மேடம், அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க" என்றேன்.

அவர் விரல்கள் நோட்டின் மேல் ஒரு முறை ஓடி நின்றன. மெல்லத் தலையைத் திருப்பி ஹாலின் அமைதியைக் கேட்டார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார்.

அவர் கண்ணாடி போட்டு நாம் யாரும் பார்த்ததில்லை.

நோட்டை மேசையில் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என்னப்பா இப்படி வேர்க்குது, மனுசங்க உக்காருற எடமா இது?" என்று சொல்லிக்கொண்டே சுவரருகே போனார். ஃபேன் சுவிட்சுகள் நான்கையும் தட்டினார். எல்லோருடைய நோட்டும் பறந்தது. பதினான்கு பேரும் நாற்காலிக்கு அடியிலும் ஜன்னலோரத்திலும் விழுந்து புரண்டு பொறுக்கினோம். நிமிர்ந்து பார்த்தபோது அவர் இல்லை. மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நம்மில் ஒருவரும் கை கொடுக்கப் போகவில்லை. நாம் நோட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. பங்குனியில் ஒரு நாள் நாகமலை புதுக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். பல்கலைக்கழகப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேடம் வாசல் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசுவதற்கு முன்பே, என் செருப்புச் சத்தத்தை வைத்து, "பள்ளிக்கூடமா?" என்றார்.

"ஆமா மேடம்."

"மன்னிப்புக் கேக்க வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?"

"மன்னிப்பு..."

"கேட்டவுகளுக்கெல்லாம் குடுக்க அதென்ன கோயில் சுண்டலா?" என்று ரேடியோவை நிறுத்தினார். "அத விடு. எம்புட்டுத் தண்ணிக்கு எம்புட்டுக் கஞ்சி ஊத்துன?"

சொன்னேன். ஏழு பங்கு, கண்ணாடித் தகடு, பழுப்புக் காகிதம், செல்லரித்த புத்தகம். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"பேனாத் தடத்தக் கஞ்சி மூடிருச்சு. அதான் கைக்கு மாட்டல. எனக்குத் தோணாமப் போச்சே." கொஞ்சம் யோசித்தார். "நீ நல்லா வருவடி. இம்புட்டுக் கெட்ட புத்தி இருக்குறவளுக்குத்தான் இது ஆகும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவருடைய ஆல்பங்களின் எண்களை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அதைச் சொல்லத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"என் நோட்டை நீ தொடாத."

எழுந்துகொள்ளப் போனேன். ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மார்கழியில் அவர் அழித்தாரே, அந்தப் பென்சில் வரி, அது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல்தான் அழித்திருப்பார். அப்படி இருந்தால் நான் அவரை மன்னித்துவிடலாம், என்னையும் கொஞ்சம் மன்னித்துக்கொள்ளலாம். அதனால், "அன்னைக்கு உங்களுக்கு அந்த எழுத்து தெரிஞ்சிருக்காதுல்ல மேடம்?" என்றேன்.

"பென்சில் தடம் கைக்குத் தெரியாதாக்கும்? ஒவ்வொரு எழுத்தா என் வெரலுக்குக் கீழ இருந்துச்சு. தெரிஞ்சுதான் அழிச்சேன். பாவம், கண்ணு தெரியாம அழிச்சிருச்சு கெழவின்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியாத. சொன்னேன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்."

மறுபடி ரேடியோவைப் போட்டுவிட்டார். பாதி வாசல் தாண்டும்போது, "கேட்டச் சாத்திட்டுப் போ, ஆடு வந்துரும்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடுத்த மாதம் அவர் இறந்தார். அப்பாவோடு போனேன். நாம் எல்லோரும் வாசலில் பந்தல் நிழலில் நின்றோம். மேடத்தைப் பார்த்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் பேச்சு ஆல்பங்களைப் பற்றித் திரும்பிவிட்டது. தம்பி விற்பாரா, யாருக்கு விற்பார், பிரித்துக் கொடுப்பாரா. அந்தத் தம்பியின் மனைவி செல்லப்பாண்டி அண்ணனிடம் வந்து, "அந்த ஒத்த ரூவாயெல்லாம் கடையில எடுத்துக்கிருவாங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். உங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில், "நாங்க பாத்துக்கிறோம்மா" என்றீர்கள். ஒரு வாரத்தில் தம்பி எல்லாவற்றையும் வெளியூர் வியாபாரி ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். நமக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேடம் இருந்திருந்தால் நம் முகங்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

கண்காட்சி வைகாசியில் அதே ஹாலில் நடந்தது. நுழைவாயிலில் மேடத்தின் படம், மாலை, ஊதுபத்தி. எனக்கு மேசை கிடைத்தது. நாற்பத்தொரு நோட்டுகளைக் கண்ணாடிக்குக் கீழே அடுக்கி, ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது, எந்தப் புத்தகத்தில் கிடைத்தது என்று அட்டையில் எழுதி வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். "ரொம்ப நல்லாருக்கு பாப்பா" என்றார்கள். ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். நாற்பது பேராவது பாராட்டியிருப்பார்கள். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவர்கள் எல்லாவற்றையும் நல்லாருக்கு என்று சொல்லக்கூடியவர்கள்.

மூடுகிற நேரத்தில் ஒருவர் வந்தார். தனியார் பஸ் கண்டக்டர், காக்கிச் சட்டையோடு இருந்தார், நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையிலிருந்து ஆறு நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும். ஆறையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்திருந்தார். வியர்வையில் கெட்டுப்போகக் கூடாது என்று செய்ததாகச் சொன்னார். சேர்க்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். இது நல்ல நோட்டுத்தானா என்று யாரைக் கேட்பது என்று பார்த்தார்.

"மேடம் இல்ல. பாப்பா, நீ சொல்லு" என்றார் செல்லப்பாண்டி அண்ணன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லேமினேட் செய்தால் சூட்டில் பசை தாளோடு ஒட்டிவிடும், பிரித்தால் நோட்டும் சேர்ந்து வரும், இனிமேல் செய்யாதீர்கள் அண்ணே, கவரில் போட்டுப் புத்தகத்துக்குள் வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் முழுதாக மனசில் இருந்தது.

நான் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துத் தட்டினேன். "காகிதம்னு சொல்லலாம்னு பாத்தேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீங்களேண்ணே. ரேசன் கடையில காட்டுங்க, கார்டுன்னு சீனியாச்சும் போடுவாங்க" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரித்தது. யாரோ, "அப்படியே மேடந்தான்" என்றார்கள். கண்டக்டரும் கொஞ்சம் சிரித்தார். ஆறையும் அடுக்கிச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா, வாரேன்" என்று படியிறங்கிப் போனார். முகம் காது வரை சிவந்திருந்தது.

இதுதான் என்னிடம் தங்கியது. மேடத்தின் ஒரு நோட்டும் என்னிடம் இல்லை, அவர் என் பெயரைச் சொன்ன நினைவு இல்லை, அவர் மன்னித்த நினைவும் இல்லை. அவருடைய நாக்கு மட்டும் இருக்கிறது. ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் காலத்தில் எதிரே இருப்பவரின் முகம் எப்படி ஆகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. நான் பார்த்தேன். சொல்வதற்கு முன்பும் பார்த்தேன், சொன்ன பிறகும் பார்த்தேன்.

எழுந்து ஓடினால் பஸ் நிலையத்துக்குப் போவதற்குள் அவரைப் பிடித்திருக்கலாம். நான் உட்கார்ந்தபடியே என் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கவருக்குள் போட்டேன். நாற்காலிகளை மடக்கினார்கள். மேடத்தின் படத்திலிருந்து மாலையைக் கழற்றி, படத்தைப் பேப்பரில் சுற்றினார்கள். செல்லப்பாண்டி அண்ணன் கதவருகே நின்று, "எல்லாரும் எறங்கியாச்சா?" என்று கேட்டார். பிறகு விளக்குகளை அணைத்தார்.